வெயில் காய்ந்த குற்றம்

அன்புள்ள அருளப்பண்ணனுக்கு,

பதினாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் உங்களை நான் ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. நீங்கள் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் உங்களுக்கு மேற்பார்வையாளன். இந்த இரண்டில் பின்னதை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டேன். ஆடி மாதம் உங்களை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோது அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. அப்போதும் வெளியே வரவில்லை. இப்போது தாளில் வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இங்கே மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. இந்த வருடம் மழை கார்த்திகையோடு விடைபெற்றுக்கொண்டது. விடியலில் மணிமுத்தாற்று மணலின் மேல் பனி இடுப்பளவு நிற்கிறது. ஏழு மணி ஷிப்டுக்கு வருகிற ஆட்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பீடி இல்லாமலே வாயால் புகைவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். எட்டரைக்குப் பனி கலைகிறது. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை ஒரு வெயில் அடிக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுடாத வெயில், தோளில் ஒரு கை வைத்தது போல இருக்கிற வெயில். நம் ஊரில் வருடத்துக்கு நாற்பது நாள்தான் அது கிடைக்கும். மீதி நாட்களில் வெயில் நமக்கு எதிரி.

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் உங்கள் தெருவில் வழக்கம் போலத் தொங்குகின்றன. மூங்கில் பிளாச்சும் வண்ணக் காகிதமும்தான். உங்கள் வீட்டில் மட்டும் இந்த வருடம் கட்டவில்லை. துக்கம் நடந்த வீடு.

அந்த நாற்பது நாட்களைப் பற்றித்தான் இக்கடிதம். இதை நம் தொழிலாளர் மன்றத்தின் பொங்கல் மலருக்குக் கொடுக்கப்போகிறேன். ஏன் தனியாக எழுதிக் கிழித்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். நான் உங்களைப் பற்றி எழுதியதை எல்லாரும் படித்தார்கள். என்னைப் பற்றி எழுதுவதையும் எல்லாரும் படிக்கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்காக நடந்ததை முறைப்படி சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது அறுபதுகளின் பின்பாதி. பொங்கலுக்குப் பின் அனுப்ப வேண்டிய ஊறுகாய் ஜாடிகளுக்கு நம் பீங்கான் கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. நீங்கள் வார்ப்பாளர். அச்சிலிருந்து எடுத்த ஜாடி ஈரமாக இருக்கும்; அது உலர்ந்த பிறகே சூளையில் ஏற்ற வேண்டும். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் சூட்டில் ஆவியாகி ஜாடியை உடைத்துக்கொண்டு வெளியேறும். இதற்கென்று ஒரு விதி, ஜாடிகளை உலர்த்தும் கொட்டகையின் சுவரில் எழுதி மாட்டப்பட்டிருந்தது. எழுதியவன் நான். 'சுடாத பச்சைப் பொருள்களை நிழலில் ஆறு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தல் கூடாது.'

தவறான விதி அல்ல அது. சித்திரை வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு காய்ந்து ஜாடி கீறிப்போகும். ஆனால் விதியை எழுதும்போது என் மனத்தில் சித்திரை மட்டுமே இருந்தது. ஒரு மாத மழையை உறிஞ்சிய மண்சுவர்க் கொட்டகையில், மார்கழிப் பனியில், ஆறு நாள் என்பது எதற்கும் போதாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நீங்கள் எண்ணிப் பார்த்தீர்கள். என்னிடம் வந்தும் சொன்னீர்கள். கையில் ஒரு ஜாடி.

"சார், ஆறு நாளு ஆச்சு. ஆனா ஈரம் போவல. அடிய கன்னத்துல வெச்சுப் பாருங்க, சில்லுனு இருக்குது."

"கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"விதியில இல்ல சார். கன்னத்துல இருக்குது."

பக்கத்தில் நின்ற கலியபெருமாள் சிரித்துவிட்டார். சூளைக்காரரான அவர் உங்கள் கூட்டாளி என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 'கொட்டகையில் கொண்டுபோய் வையுங்கள்' என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். ஜாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அண்ணே? வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பத்து மணிக்குப் பின்கட்டுத் திடலுக்கு வந்தேன். பன்னிரண்டு ஜாடிகள் வெயிலில் இருந்தன. அவற்றின் நடுவில் ஒரு கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கண் மூடியிருந்தது. முகம் சூரியனைப் பார்த்து இருந்தது. ஒரு ஜாடியைக் குழந்தையைப் போலக் கன்னத்தோடு சேர்த்து அணைத்திருந்தீர்கள். உதட்டில் ஒரு சிரிப்பு. காலடியில் வேர்க்கடலைத் தோல்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தூணருகில் பத்து நிமிடம் நின்றேன். அதற்குள் ஒருமுறை எழுந்தீர்கள். ஜாடிகளைத் தொட்டு ஏதோ செய்தீர்கள். பெட்டியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினீர்கள். நான் முன்னே வந்து நின்றேன்.

"என்ன செய்கிறீர்கள்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். பயப்படவில்லை. எழுந்து நின்றீர்கள்.

"வெயில் காயறேன் சார். இதுங்களும் காயுதுங்க. நீங்களும் செத்த நில்லுங்களேன், முதுகுக்கு நல்லாருக்குது."

நில்லுங்களேன் என்று கூப்பிட்டீர்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அழைப்புதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. நீங்கள் மறைக்கவில்லை, குழையவில்லை, சுகத்தில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தீர்கள். நான் உள்ளே போய் மெமோ எழுதினேன்.

'வார்ப்பாளர் திரு. அருளப்பன் பணி நேரத்தில் விதிக்கு மாறாகத் திடலில் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது நேரில் காணப்பட்டது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.' ஒரு படி உங்களுக்கு. ஒரு படி கோப்புக்கு. மூன்றாவது படி, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று, வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகைக்கு.

விளக்கம் மறுநாள் காலையிலேயே வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. அதை இங்கே அப்படியே தருகிறேன். உங்கள் எழுத்தைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

'ஐயா அவர்களுக்கு. நான் உட்கார்ந்திருந்தது உண்மை. வெயில் காய்ந்ததும் உண்மை. நல்ல வெயில், சுகமாக இருந்தது. ஜாடிகளுக்கும் அதே வெயில்தான். என் இடது கன்னம் சுட்டதும் ஜாடிகளைக் கால் வட்டம் திருப்பி வைத்தேன், நானும் திரும்பி உட்கார்ந்தேன். முதுகு சுட்டதும் மறுபடி திருப்பினேன். இப்படிச் செய்தால் ஒரு பக்கம் முந்தாது. கடிகாரம் வைத்துச் செய்தால் மேகம் வந்தால் தப்பிப்போகும். அதனால் உடம்பை வைத்துச் செய்தேன். கொட்டகையில் இருப்பவை இன்னும் ஈரம். தயவுசெய்து அவற்றைச் சூளையில் ஏற்ற வேண்டாம்.'

இதைப் படித்தபோது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். புரிந்தது. வேலையும் சுகமும் ஒரே நேரத்தில், ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேலை என்றால் முகம் சுருங்கியிருக்க வேண்டும் என்பதே நான் வளர்ந்த விதம். சிரித்துக்கொண்டு செய்வது வேலையாகாது. அதோடு, கடைசி வரியில் நீங்கள் எனக்கு எச்சரிக்கை விடுத்திருந்தீர்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை எழுத்தில் எச்சரிப்பதா?

ஒரு வழி கண்டுபிடித்தேன். அலுவலகக் கடிதங்கள் மையில் எழுதப்பட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பென்சிலில் எழுதிய விளக்கம் ஏற்கத்தக்கதன்று என்று முடிவு செய்து அதைக் கோப்பில் சேர்க்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பணிப் பதிவேட்டில், 'விளக்கம் திருப்தியளிக்கவில்லை. பணியில் அலட்சியம்' என்று எழுதினேன். நல்ல கறுப்பு மையில்.

அடுத்தது தண்டனை. உங்களுக்கும் கலியபெருமாளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. சூளை அணைந்து ஆறும்போது ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்து காற்றுத் துளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அந்தக் காவல் கிறிஸ்துமஸ் அன்று விழுந்தால் அவர் பார்ப்பார். பொங்கலில் விழுந்தால் நீங்கள் பார்ப்பீர்கள். எந்தத் தாளிலும் இல்லாத ஏற்பாடு. வருடக்கணக்காக ஒருமுறையும் பிசகாத ஏற்பாடு. அந்த வருடம் காவல் கிறிஸ்துமஸில் விழுந்தது. நான் உங்கள் பெயரைப் போட்டேன்.

கலியபெருமாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நா பாத்துக்கறேன் சார். அவங்க வூட்டுக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து சம்சாரத்தோட அண்ணன், புள்ளைங்க எல்லாம் வராங்க. பொங்கலுக்கு அவரு பாப்பாரு. எப்பவும் நடக்கறதுதான்."

"எப்பவும் நடப்பது என்பது விதி ஆகாது."

"விதி இல்ல சார். பழக்கம்."

"அதனால்தான் சொல்கிறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செரி சார், நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் ஒருவரை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டகை ஜாடிகளை ஆறு நாள் கணக்குப்படி ஏற்றச் சொன்னேன். உங்கள் பன்னிரண்டும் தனியே மேல் தட்டில் ஏறின. கிறிஸ்துமஸ் அன்று காலை நீங்கள் புதுச்சட்டையோடு வேலைக்கு வந்தீர்களாம். கரி படாமல் இருக்க அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தீர்களாம். நான் பார்க்கவில்லை. எனக்கு அன்று விடுமுறை.

அந்த விடுமுறையில் நான் செய்ததை இதுவரை என் மனைவிக்குக்கூட விளக்கியதில்லை. பத்து மணிக்கு ஒரு நாற்காலியை எடுத்துக் கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் போட்டு உட்கார்ந்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினேன். இடது கன்னம் சுட்டது. திரும்பி உட்கார்ந்தேன். முதுகு சுட்டது. நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பதினோரு மணி வரை எழவில்லை. சூளையின் அனலில் நீங்கள் துளை திறந்துகொண்டிருந்த அதே ஒரு மணி நேரம்.

மெமோ எழுதியவன் அந்தக் குற்றத்தை உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டான். அந்த மார்கழி தொடங்கி எட்டு மார்கழியும் விடுமுறை தோறும் கொல்லையில் நாற்காலி போட்டிருக்கிறேன். 'உங்களுக்குக் கூட இதெல்லாம் பிடிக்குமா?' என்று மனைவி கேட்டாள். 'மருத்துவர் சொன்னார்' என்றேன். எந்த மருத்துவரும் சொல்லவில்லை.

சூளையைத் திறந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கொட்டகை ஜாடிகளில் பாதிக்கு மேல் அடி வெடித்துக் கிடந்தன. கலியபெருமாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், மேல வெச்ச பன்னெண்டும் முழுசா இருக்குது."

"எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

அறிக்கையில், 'இம்முறை வந்த மண்ணின் தரக்குறைவால் சேதம்' என்று எழுதினேன். நீங்கள் கூடையில் உடைந்த ஜாடி ஓடுகளை அள்ளிக்கொண்டிருந்தீர்கள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டீர்கள்.

"மண்ணு மேல எழுதிக்கிட்டீங்களா சார்? செரி. மண்ணுதான் வந்து எதுத்துப் பேசாது."

அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வாழ்நாளில் எல்லா விதிகளையும் காத்தவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது அவற்றில் முதல் விதி. அதை அன்று உங்கள் கண் முன்னால் மீறினேன். மெமோவைத் திரும்பப் பெற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதினால் ஜாடிகள் வெடித்ததும் என் தலையில் வந்து விழும். எழுதவில்லை.

இனி இந்த வருடத்துச் செய்தி.

உங்கள் மகள் செலின் நம் கூடத்தின் வண்ணப் பிரிவில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் வாரிசுக்கு முதலிடம் தரலாம்; ஆனால் இறந்தவரின் பதிவேட்டில் குறை எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் பதிவேட்டில் இருபது வருடத்துக்கு ஒரே ஒரு குறைதான். அது என் கையெழுத்து.

புதிய மேலாளர் இளைஞர், நல்லவர். பதிவேட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். "நீங்க போட்டதுதானே சார் இது? 'பிறகு திருந்தி நன்றாகப் பணியாற்றினார்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. பொண்ணுக்கு வேலை கிடைச்சிடும். எதுக்குப் பழசக் கிளறணும்?"

எவ்வளவு வசதியான வரி. யாருக்கும் இழப்பில்லை. செலினுக்கு வேலை, எனக்குப் பழைய மரியாதை, உங்களுக்கு ஒரு திருத்தம். அந்த வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் பார்த்தேன். கையெழுத்து அழகாக வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் செலின் என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் நெற்றி, உங்கள் நடை. கையில் எதுவும் கொண்டு வரவில்லை. துக்க வருடம் பலகாரம் செய்யவில்லை என்று அவளே சொன்னாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"அப்பா திருந்திட்டாருன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்னு மேனேஜர் சார் சொன்னாரு."

"ஆமாம் அம்மா. எழுதி வைத்திருக்கிறேன்."

"எங்கப்பா எதுலேருந்து சார் திருந்துனாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மேசை மேல் இருந்த பேனாவை மூடித் திறந்தேன். பதில் என்னிடம் இருந்தது. உங்கள் பென்சில் தாள் அதே மேசையின் இழுப்பறையில், என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில், எட்டு வருடமாக இருந்தது.

"நாளை வீட்டுக்கு வருகிறேன். அம்மாவையும் இருக்கச் சொல்" என்றேன்.

"நாளைக்குப் பண்டிகை சார்."

"அதனால்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் போன பின் புதிதாக ஒரு குறிப்பு எழுதினேன். திருந்தினார் என்ற வரி இல்லாமல். திரு. அருளப்பன் மீது நான் எழுதியது தவறு. அவர் அன்று வேலைதான் செய்துகொண்டிருந்தார். அவர் தந்த விளக்கத்தை நான் மறைத்தேன், அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சேதத்துக்குக் காரணம் மண் அன்று, என் உத்தரவு. இப்படி நான்கு வாக்கியம். இதற்கு எனக்கு மெமோ வரலாம். வர வேண்டும்.

நேற்று, கிறிஸ்துமஸ் அன்று, பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கருவேப்பிலங்குறிச்சி உறவினர்கள் இருந்தார்கள். உங்கள் மனைவி சவரியம்மாள் அக்கா வாசலில் நாற்காலி போட்டார்கள்.

"உள்ள எடமில்ல சார், கோச்சுக்காதீங்க. வெயில்ல ஒக்காருங்க, பனிக்கு எதமா இருக்கும்."

மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். அக்காவும் செலினும் நிலைப்படியில் உட்கார்ந்தார்கள். என் குறிப்பை வாசித்தேன்; பிறகு உங்கள் தாளை வாசித்தேன். அந்த நேரத்திலும் முதுகில் வெயில் சுகமாக இருந்தது அண்ணே. வெட்கம் உடம்புக்குத் தெரியாது போலும். எழுந்து நிழலுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். பாதியில் எழுந்தால் வாசிப்பிலிருந்து தப்பிப்பது போல ஆகும் என்று இருந்துவிட்டேன்.

வாசித்து முடித்தேன். செலின் உங்கள் தாளை வாங்கி எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் மன்னிப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"அதுக்கப்பறம் அவரு வெயில்ல ஒக்காந்ததே இல்ல சார். தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"போர்டுல போட்டத எல்லாரும் படிச்சிட்டு, வெயிலு, வெயிலுன்னே கூப்பிட்டானுங்க. 'என்ன வெயிலு, போதுமா சூடு?' கடைக்குப் போனா கேப்பானுங்க, பஸ்ஸுல கேப்பானுங்க. மொதல்ல சிரிச்சிக்கிட்டுதான் இருந்தாரு. அப்பறம் ஞாயித்துக்கெழமைகூட வாசல்ல ஒக்கார மாட்டாரு. 'வாய்யா, நல்ல வெயிலு'ன்னு நா கூப்புடுவேன். 'வேணாம், யாராவது பாத்தா வேல வெட்டி இல்லன்னு நெனப்பாங்க'ன்னு உள்ளயே படுத்துக்குவாரு. எட்டு டிசம்பரு."

எட்டு. நான் கொல்லையில் நாற்காலி போட்ட அதே எட்டு. உங்கள் நாற்பது நாட்களை உங்களிடமிருந்து எடுத்து நான் வைத்துக்கொண்டேன் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. மெமோ தந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும் என் வெட்கத்துக்கு ஓர் அளவு இருந்தது. அதை நான்கு வாக்கியத்தில் எழுத முடிந்தது. இதை எந்தக் குறிப்பில் எழுதுவது? எந்தப் பத்தியில் சேர்ப்பது?

நான் கொல்லையில் உட்கார்ந்ததையும் அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் எழுந்திருந்தால் மறுபடியும் ஒரு விளக்கத்தை மறைத்தவன் ஆவேன். செலின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா மட்டும், சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஓர் ஓசையோடு, "நல்லாருந்துச்சா சார்?" என்று கேட்டார்கள்.

"நன்றாக இருந்தது அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். எழும்போது அக்கா அந்தக் குறிப்பைக் காட்டிக் கேட்டார்கள்.

"இத ஆபீஸ் ஃபைல்ல வெச்சிருவீங்களா?"

"கோப்பிலும் வைப்பேன். பலகையிலும் ஒட்டுவேன்."

"எத்தன நாளு?"

"விதிப்படி மூன்று நாள்."

"அவருது ஒரு மாசம் இருந்துச்சு சார். எடுக்கறதுக்கு யாருக்கும் தோணல. தெனம் காலையில அதப் பாத்துட்டுதான் உள்ள போவாரு."

நான் தலை குனிந்துகொண்டு தெருவில் இறங்கினேன். பிள்ளைகள் புதுத்துணியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கட்டில்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வணக்கம் சொன்னார்கள். திருப்பிச் சொன்னேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு, ஷிப்டு ஆட்கள் வருகிற நேரத்தில், அறிவிப்புப் பலகையில் என் குறிப்பை மையில் எழுதி ஒட்டுவேன். செலினுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒட்டுவேன். மேலாளர் தடுத்தால் மலர் வெளிவந்த பின் இக்கடிதத்தை ஒட்டுவேன். மூன்று நாள் விதி இம்முறை செல்லாது. ஒரு மாதம் அது அங்கே இருக்கும்; தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். பனியில் நனைந்து எழுத்துக் கரைந்தால் மறுபடியும் எழுதி ஒட்டுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

காலம் கடந்து அண்ணனென்று அழைக்கும்
உங்கள் தம்பி,
தணிகாசலம்